சீர்வரிசைக் கார்

என் கல்யாணத்துக்குச் சீர்வரிசையில் ஒரு கார் வந்தது. 2005ஆம் வருடம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மண்டபம். வாசலில் வாழைமரத்துக்குப் பக்கத்தில் அதை நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். அப்பா நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். மாப்பிள்ளை வீட்டில் யாரும் கார் வேண்டும் என்று வாயால் கேட்கவில்லை. "எல்லாரும் செய்றதை நீங்களும் செய்வீங்க, உங்களுக்குத் தெரியாததா" என்று மாமனார் சொன்னார். அதற்குப் பிறகு அப்பாவிடம் கேட்டதெல்லாம் நிறத்தைப் பற்றித்தான். அப்பாவுக்கு வெள்ளை பிடிக்கும். மாப்பிள்ளை கருநீலம் சொன்னார். கருநீலமே வந்தது.

மாப்பிள்ளைக்குச் சிதம்பரத்தில் பெயிண்ட் கடை. வண்ணங்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. எந்தச் சுவரைப் பார்த்தாலும் எத்தனை கை பூசியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். கல்யாணமாகி முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு வாளியோடு வாசலுக்குப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்பா வாங்கிக் கொடுத்ததை இவ்வளவு அக்கறையாக வைத்துக்கொள்கிறாரே என்று நினைத்தேன். காபி எடுத்துக்கொண்டு போனேன். அவர் காபியை வாங்காமல் என் கையைப் பார்த்தார்.

"வளையலக் கழட்டி வச்சிட்டு வா. கார் பக்கம் வரும்போது கையில எதுவும் இருக்கக்கூடாது. கோடு விழும்."

அன்றிலிருந்து ஞாயிறு என்றால் எனக்கு அந்த வேலைதான். முதலில் பைப் தண்ணீரில் மேல் தூசியைக் கழுவ வேண்டும். கையை வைத்துத் தேய்க்கக்கூடாது. மணல் துகள் துணிக்கு அடியில் மாட்டினால் பெயிண்ட் போயிற்று. பிறகு ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொரு வாளியில் ஸ்பாஞ்சை அலசச் சுத்தமான தண்ணீர். கூரையில் ஆரம்பித்துக் கீழே இறங்கி வர வேண்டும். சக்கரத்துக்கு வேறு துணி. அந்தத் துணி தவறிப்போய்க்கூடக் கதவில் படக்கூடாது. எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. வெயிலில் காய்ந்தால் கருநீலத்தின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். அதனால் கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர்தான். காலையில் தெருக்குழாயில் தண்ணீர் வரும்போது குடிக்கப் பிடிக்கும் குடங்களோடு காருக்கும் சேர்த்துப் பிடித்து வைப்பேன். சில நாள் தண்ணீர் குறைவாக வரும். அன்றைக்கு மாமியார், "சோறு வடிக்க வேணாமா? அவன் கேட்டா நான் என்னா சொல்றது?" என்பார். மகனிடம் அதை நேராகச் சொல்ல அவருக்கும் பயம்.

மாதம் ஒருமுறை வாக்ஸ். நிழலில் நிறுத்தி, கார் சூடு ஆறின பிறகு, ஸ்பாஞ்சில் கொஞ்சமாகத் தொட்டு வட்டம் வட்டமாகத் தடவ வேண்டும். அது காய்ந்து பனி படிந்தாற்போல வெளுத்துப்போகும். அப்புறம் பழைய பனியன் துணியால் துடைத்தெடுத்தால் அடியிலிருந்து நீலம் பளீரென்று எழுந்து வரும். அந்த நேரத்தில் மட்டும் அவர் முகம் இளகும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். "புதுசா சார்?" என்று யாராவது கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்குள் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிறு, வளையலைக் கழற்ற மறந்து பின் கதவைத் துடைத்துவிட்டேன். மயிரிழை போல ஒரு கோடு. எனக்கே அது கண்ணில் படவில்லை. அவர் குனிந்து, வெளிச்சத்துக்கு எதிராகத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, கடைக்குப் போய் கீறல் தேய்க்கும் காம்பவுண்டு டப்பா ஒன்று கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கோடு மறையும்வரை தேய்க்க வேண்டும். சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தார். நான் கதவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தேன். தோள் விண்விண்ணென்று வலித்தது.

அந்த நேரத்தில்தான் அப்பா வந்தார். காட்டுமன்னார்கோயிலில் ஒரு துக்கத்துக்குப் போய்விட்டு, வழியில் மகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இறங்கியிருக்கிறார். கையில் வாழைப்பழச் சீப்பு. மாப்பிள்ளை சட்டென்று எழுந்து, "வாங்க மாமா, ஒக்காருங்க" என்று தன் நாற்காலியைக் கொடுத்தார். அப்பா உட்காரவில்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பானெட்டில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்தார்.

"ஷோரூம்ல இருந்து எடுத்தாந்த மாதிரியே வச்சிருக்கீங்க மாப்ள" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் கூடமாட செய்றியாம்மா? நல்லது, நல்லது" என்றார்.

நான் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு காபி போட உள்ளே போனேன். அடுப்படியில் மாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா கிளம்பும்போது பேருந்து நிலையம்வரை காரிலேயே கொண்டுபோய் விட்டார் மாப்பிள்ளை. அப்பா முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து போனதைப் பார்த்தபோது, இந்த மனுஷரிடம் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியே இரண்டு வருடத்துக்கும் மேல் ஓடிவிட்டது. அந்தக் காரில் நான் எங்கே போனேன் என்று யோசித்தால் ஞாபகம் வருவது மிகக் கொஞ்சம். மழை என்றால் சேறு. கோயில் என்றால் கூட்டத்தில் யாராவது உரசுவார்கள். என் சித்தி மகள் கல்யாணத்துக்கு நாங்கள் பஸ்ஸில்தான் போனோம்.

ஒரு வேலை நாள். தூசி படிந்திருந்ததால் காலையில் காரைக் கழுவி, ஈரம் காய்வதற்காக கவர் போடாமல் விட்டிருந்தேன். அதற்குள் அடுப்பில் பால் பொங்க, உள்ளே ஓடினேன். எங்கள் தெருவில் ஆடுகள் சுற்றும். ஒரு ஆடு மதிலில் ஏறி, மதிலிலிருந்து பானெட்டில் குதித்து, அங்கே நின்றுகொண்டு முருங்கைக் கொம்பை எட்டிக் கடித்துக்கொண்டிருந்தது. நான் விரட்டியபோது கால் சறுக்கிச் சறுக்கி இறங்கியது. குளம்பு பட்ட இடங்களில் சின்னச் சின்னக் குழி, நீளமான கீறல்கள்.

மதியம் சாப்பிட வந்தவர் கேட்டுக்கு வெளியிலிருந்தே பார்த்துவிட்டார். என்ன நடந்தது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துவந்து காருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"இங்கயே நில்லு. எந்த ஆடு வருதுன்னு பாரு. நான் சொல்ற வரைக்கும் உள்ள வராத."

நடு வெயில். பள்ளிக்கூடம் விட்டுச் சாப்பாட்டுக்கு வரும் பிள்ளைகள், தயிர் விற்கிறவள், எதிர் வீட்டுக்காரர் எல்லோரும் அந்த வழியாகப் போனார்கள். முதலில் நான் காரில் ஏதோ வேலை செய்வதுபோலக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் துடைப்பது? சும்மா நின்றேன். உள்ளே தட்டு வைக்கும் சத்தமும், குழம்பு கேட்கும் குரலும், அப்புறம் ஃபேன் சுற்றும் சத்தமும் கேட்டன. அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார் என்று தெரிந்தது.

பக்கத்து வீட்டு அக்கா தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். அன்றைக்கு லீவு. கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"இன்னாம்மா இது? மொகமெல்லாம் செவந்து கெடக்குது. உள்ள போயேன்."

"போகக்கூடாதுன்னு சொல்லியிருக்காருக்கா."

அக்கா காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உன்ன யாரும் கட்டிப் போடலியே" என்றார். திட்டுவது போலத்தான் சொன்னார். எனக்கு அது திட்டாகப் படவில்லை. வேர்வையில் நனைந்த புடவையோடு, வீட்டுச் செருப்போடு அவருடன் நடந்து பேருந்து நிலையம் போனேன். கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, டிக்கெட்டையும் அவரே எடுத்துக் கொடுத்துவிட்டு இறங்கினார். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம், செம்மங்குப்பம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் மாப்பிள்ளை காரில் பின்னால் வந்து பஸ்ஸை மறிப்பாரோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வரவில்லை. காரை அந்த நிலையில் வெளியே எடுத்திருக்க மாட்டார் என்று பிறகு தோன்றியது.

வீட்டு வாசலில் அப்பா என்னைப் பார்த்ததும், "மாப்ள வரலியா? கார்ல வரலியா?" என்று கேட்டார். அம்மாதான் என் கசங்கிய புடவையையும் வீட்டுச் செருப்பையும் பார்த்தாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

அதன் பிறகு நடந்தவை எல்லோர் வீட்டிலும் நடப்பவைதான். பெரியவர்கள் போனார்கள், வந்தார்கள். "ஒரு காருக்காகவா பொண்ணு புருஷன வுட்டுட்டு வரும்?" என்று இரண்டு பக்கத்திலும் கேட்டார்கள். அவர்களுக்கு நான் சொன்ன பதில் எதுவும் பதிலாகத் தெரியவில்லை. அடித்தானா, குடித்தானா, வேறு பெண்ணா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, இல்லை என்றதும் கையை விரித்தார்கள். ஆனால் நான் திரும்பிப் போகவில்லை. கடைசியில் கோர்ட்டில் பிரிந்தோம். சாமான்கள் வந்தன. கட்டில், பீரோ, பாத்திரங்கள் ஒரு டெம்போவில். ஒரு வாரம் கழித்து அவர் கடையில் வேலை செய்பவர் காரை ஓட்டிவந்து, சாவியை அப்பா கையில் கொடுத்துவிட்டு நிற்காமல் போனார்.

காரைச் சுற்றி வந்து பார்த்தேன். கூரை முழுக்கக் காக்கை எச்சம் காய்ந்து கிடந்தது. ஆட்டுக் குளம்புக் குழிகள் அப்படியே இருந்தன. நான் வந்த நாளிலிருந்து அவர் அதைக் கழுவவே இல்லை. கோர்ட்டில் என்னைப் பிரிவதற்கு முன்பே அந்தக் காரை அவர் தள்ளி வைத்துவிட்டிருந்தார்.

அப்பா அன்றைக்குச் சாயங்காலமே வாளியை எடுத்தார். பானெட்டை பட்டறையில் கொடுத்துத் தட்டி எடுத்து, பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தார். வாசலில் தகரக் கொட்டகை போட்டார். வாராவாரம் கழுவினார். பேட்டரி இறங்காமல் இருக்க நெல்லிக்குப்பம் ரோட்டில் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிப்போய்த் திரும்புவார். கடற்கரைப் பக்கம் மட்டும் கொண்டுபோகவே மாட்டார். உப்புக் காற்றில் கதவுக்கு அடியில் துரு பிடித்துவிடும் என்று பயம். அம்மாவோ நானோ அதில் ஏறினால் அவருக்குப் பிடிக்காது. நான் அதற்குள் ஒரு தனியார் பள்ளியில் அலுவலக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். டிரைவிங் ஸ்கூலில் பழகி லைசென்ஸும் வாங்கியிருந்தேன். சாவி கேட்டால், "இருக்கட்டும்மா, கீறல் கீறி வச்சிடுவ" என்பார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரும்போது எனக்குப் பழைய ஞாயிறுகள் ஞாபகம் வரும். அவருக்கு அது தெரியாது.

பிறகு அவருக்கு முழங்கால் வலி வந்தது. குனிய முடியவில்லை. ஒரு ஞாயிறு, பாதிக் கழுவலில் வாளியைப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் நின்றார். நான் போய் ஸ்பாஞ்சை வாங்கிக்கொண்டேன். கூரையில் ஆரம்பித்தேன். என் கை தானாகவே செய்தது. இரண்டு வாளி, தனித் துணி, கீழே விழுந்த ஸ்பாஞ்சை மறுபடி தொடாமல் வேறு எடுப்பது, எல்லாம். வளையல் போடுவதை எப்போதோ விட்டிருந்தேன். அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். "என்னைவிட நல்லா செய்றியே" என்றார். எங்கே கற்றேன் என்று அவர் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அது என் வேலை ஆயிற்று. ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அப்பாவின் முழங்காலுக்காக என்று அம்மாவிடம் சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனால் வாக்ஸை வெளுக்க விட்டு, துடைத்து, நீலம் எழுந்து வரும்போது எனக்கும் ஒரு நிறைவு வந்தது. அது வந்ததும் கூடவே வெறுப்பும் வந்தது. சிதம்பரத்து வாசலில் குந்தி உட்கார்ந்திருந்தவளும் இதையே செய்தவள்தானே என்று தோன்றும். துணியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன். அடுத்த வாரம் மறுபடியும் எடுப்பேன்.

2010இல் ஒரு வரன் வந்தது. காட்டுமன்னார்கோயில் பக்கம், ரைஸ் மில் வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளைக்கு மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டே, "ஒரு தடவ பாரு. பிடிக்கலன்னா சொல்லு. இந்தத் தடவ நான் ஒன்ன கட்டாயப்படுத்த மாட்டேன்" என்றாள்.

வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அண்ணன், அண்ணி. மாப்பிள்ளை அதிகம் பேசவில்லை. நல்லவராகத்தான் தெரிந்தார். காபி கொடுத்துவிட்டு நான் உள்ளே வந்தேன். ஆண்கள் எழுந்து வாசலுக்குப் போனார்கள். நான் இருந்த அறையின் ஜன்னல் கொட்டகையைப் பார்த்து இருக்கும். அண்ணன்காரர் காரைச் சுற்றி வந்து, கதவில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். பானெட்டைத் திறக்கச் சொன்னார்.

"எத்தன வருஷம் ஆவுது?"

"வருஷத்தப் பாக்காதீங்க. அதிகம் ஓடல. புதுசு மாதிரி வச்சிருக்கோம். வாரா வாரம் பாப்பாதான் கழுவி வாக்ஸ் போடுது. மாப்ளைக்கு இத அப்படியே கொடுத்துடலாம்னுதான்..."

அப்பாவின் குரலில் இருந்த பெருமையை என்னால் தாங்க முடியவில்லை. இவ்வளவு நாளும் எதற்காக அது கொட்டகையில் நின்றது, எதற்காக எங்களை ஏறவிடவில்லை, எதற்காக என் கையில் ஸ்பாஞ்சைக் கொடுத்துவிட்டு நின்று ரசித்தார் என்பதெல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. என்னை அனுப்பும்போது கூட அனுப்ப, அந்தக் காரை நானே துடைத்து வைத்திருக்கிறேன்.

நான் வாசலுக்குப் போனேன். அப்பா, "நீ உள்ள போம்மா" என்றார்.

"அப்பா, கார் எங்கயும் போகாது. நானும் போகல."

அண்ணன்காரர் பானெட்டை மூடினார். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "நான் கேக்கலைங்க. அண்ணந்தான் சும்மா பாத்தாரு" என்றார்.

"வேணாம்னும் நீங்க சொல்லலியே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் போய்விட்டார்கள். அண்ணி மட்டும் போகும்போது அம்மாவின் கையைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். என்னவென்று அம்மா என்னிடம் சொல்லவேயில்லை.

அப்பா கொட்டகையில் காரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எல்லாம் ஒனக்காகத்தானே வச்சிருந்தேன்" என்றார். "எனக்கப்புறம் ஒனக்கு யாரு இருக்காங்க?"

"எனக்காகன்னா எங்கிட்ட சாவியக் குடுத்திருக்கணும்ப்பா."

அவர் சாவியை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பிடும்போது, "குழம்பு வேணுமான்னு கேளு" என்று அம்மாவிடம் சொல்வார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். காரை அவர் தொடவில்லை. நானும் தொடவில்லை. கொட்டகைக்குள் அணில் கூடு கட்டப் பார்த்தது. கண்ணாடியில் தூசி படிந்து, அதில் யாரோ விரலால் கோழிப் படம் வரைந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

பல மாதம் கழித்து அம்மாதான் ஆரம்பித்தாள். சிதம்பரம் கோயிலுக்குப் போக வேண்டும், கால் வலிக்கிறது, பஸ்ஸில் நிற்க முடியாது என்றாள். எனக்கு எதற்காகச் சொல்கிறாள் என்று தெரியும். ஜன்னல் கட்டையிலிருந்து சாவியை எடுத்தேன். பேட்டரி இறங்கியிருந்தது, மெக்கானிக் வந்து ஏற்றிக் கொடுத்தார். பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி, வாஸலைன் தடவினேன். ரேடியேட்டரில் தண்ணீர், டயரில் காற்று. வண்டியை, இங்கேயும் உப்பாக இருந்த போர் தண்ணீரிலேயே கழுவினேன். அப்பா தாங்கித் தாங்கி ஜன்னலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். வெள்ளைப் புள்ளி விழும் என்று அவர் நாக்கு நுனிவரை வந்திருக்கும். சொல்லவில்லை.

சிதம்பரத்தில் தரிசனம் முடித்துத் திரும்பும்போது, நெரிசலில் ஒரு தெருவுக்குள் திருப்பிவிட்டேன். அது அவருடைய பெயிண்ட் கடை இருக்கும் தெரு. வேண்டுமென்று போகவில்லை. லாரி ஒன்று பெயிண்ட் டின் இறக்கிக்கொண்டு வழியை அடைத்து நின்றது. அவர் கடை வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். அம்மா என் முழங்கையைப் பிடித்தாள்.

அவர் கண் முதலில் காரின் மேல் போனது. பானெட், கதவு, கூரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தது. கடைசியில்தான் உள்ளே யார் என்று பார்த்தார். முகத்தில் கொஞ்சம் திகைப்பு. பிறகு நேராக ஜன்னலுக்கு வந்தார். கண்ணாடி இறங்கியிருந்தது.

"வாக்ஸ் போடறதில்லையா?" என்று கேட்டார்.

நலமா என்று கேட்கவில்லை. அம்மாவுக்கு ஒரு வணக்கம் இல்லை.

"இல்ல" என்றேன்.

"பெயிண்ட் செத்துப்போவும்."

லாரி நகர்ந்தது. நான் கியர் போட்டேன். கிளட்சை அவசரமாக விட்டதில் இஞ்சின் அணைந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து கிளம்பினேன். பரங்கிப்பேட்டை ரோடு பிரியும் இடம் தாண்டியதும் அம்மா, "ஓரமா நிறுத்துடி" என்றாள். நிறுத்தினேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத்தினி நாளு நான் ஒன்ன நம்பாம இருந்தேன்டி. காருக்காக ஒருத்தன் அப்படி செய்வானான்னு" என்றாள். அவளிடம் நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயத்தை அவர் அந்த ஒரு கேள்வியில் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மா அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அடுத்த அறையில் எனக்குக் கேட்டது. மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது கேட் திறந்திருந்தது, கார் வெளியே எடுப்பதற்குத் தோதாக. அதிலிருந்து வேலைக்குக் காரிலேயே போனேன். வாரம் ஒருமுறை கழுவுவேன், சில வாரம் அதுவும் இல்லை. ஆயில் பார்ப்பேன், பிரேக் பார்ப்பேன். பளபளப்பு குறைந்துகொண்டே வந்தது. அப்பா பேச ஆரம்பித்தார், ஆனால் பழைய மாதிரி இல்லை. தேவைக்கு இரண்டு வார்த்தை. நானும் அப்படித்தான்.

2011 முடியும் நேரத்தில் கடலூருக்கு ஒரு பெரும் புயல் வந்தது. விடியற்காலையில் ஆரம்பித்து வீடே பறந்துவிடும் போல அடித்தது. நாங்கள் மூவரும் நடு அறையில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே தகரம் கிழிகிற சத்தம் கேட்டபோது அப்பா எழப் பார்த்தார். நான் அவர் கையை விடவில்லை.

காற்று அடங்கி வெளியே வந்தால் தெருவே தெரியவில்லை. மரங்கள், கம்பங்கள், ஓடுகள். கொட்டகைத் தகரம் காரின் மேல் மடிந்து விழுந்திருந்தது. பின்பக்கக் கண்ணாடி நொறுங்கி, கூரை உள்வாங்கி, ஒரு பக்கம் முழுவதும் பெயிண்ட் உரிந்து தகரம் வெளியே தெரிந்தது. நான் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் அருகில் போய் உரிந்த இடத்தில் கையை வைத்தார். அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"இஞ்சின் ஓடுதா பாரு" என்றார் அப்பா.

ஓடியது.

கடலூரில் அப்புறம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. யார் வீட்டிலும் செல்போனில் சார்ஜ் இல்லை. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல வழியில்லை. சிகரெட் பற்றவைக்கிற துளையில் செருகும் சார்ஜர் ஒன்று என்னிடம் இருந்தது. எதிர்வீட்டு மாமி முதலில் வந்து கேட்டார். அப்புறம் தெருவே வந்தது. அப்பா காரின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பேட்டரி இறங்காமல் அவ்வப்போது இஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு போனாக மாட்டிக் கொடுத்தார். சேற்றுக் காலோடு ஆட்கள் கதவில் சாய்ந்து நின்று காத்திருந்தார்கள். ஒருவர் பானெட்டின் மேல் டீ டம்ளரை வைத்தார். அப்பா அதைப் பார்த்துவிட்டு அடுத்த போனை மாட்டினார்.

நான் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து சீட்டில் கிடந்த கண்ணாடிச் சில்லைக் கையால் தள்ளிவிட்டார்.

"ஒக்காரு. பெட்ரோல் கொறையுது. நெல்லிக்குப்பம் பக்கம் பங்க் தொறந்திருக்குதாம். மரமெல்லாம் வெட்டி வழி வுட்டுட்டாங்களாம், நீ போய்ப் போட்டுக்கினு வா."

"நீங்களும் வர்றீங்களாப்பா?"

"நான் வந்தா இவங்களுக்கு யாரு போன் மாட்டுறது?" என்றார். இருந்தாலும் சாப்பிட்டு முடித்ததும் போன்களையெல்லாம் எதிர்வீட்டு மாமியிடம் கொடுத்துவிட்டு, டிரைவர் சீட்டை எனக்கு விட்டு இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்து என் பக்கத்து சீட்டில் ஏறினார்.